வர்ணந் தீட்டியவர் எழுதிய நகரம்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் என்றதும் 1066ஆம் ஆண்டுப் போரே சரித்திர மாணவரின் நினைவுக்கு வரும். ஆனால் அந்நகர வீதிகளிலே, மன்னரை மறந்து, சுவருக்கு வர்ணம் பூசிய ஒரு தொழிலாளியின் அடிச்சுவட்டைத் தேடி வழிகாட்டியுடன் நடப்போரும் உளர். அத்தொழிலாளி, ‘றொபேட் றெசெல்’ என்னும் புனைபெயர் பூண்ட றொபேட் நூனன். வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் மரத்தாங்கியின் ஆங்கிலப் பெயரிலிருந்தே அப்புனைபெயர் பிறந்தது என்பர்.

1870இல் டப்ளினிற் பிறந்த நூனன், தென்னாபிரிக்காவில் வாழ்ந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகள் கத்லீனுடன் ஹேஸ்டிங்ஸ் வந்து சேர்ந்தார். பகலிற் பிறர் வீடுகளை அழகு செய்தார். ஓய்வு நேரத்தில் 1,600க்கு மேற்பட்ட பக்கங்களைக் கையால் எழுதினார். ‘கந்தற் காற்சட்டைப் பரோபகாரிகள்’ என்று அந்நாவலின் பெயரைத் தமிழாக்கலாம். பரோபகாரிகள் யாவர்? உழைப்பின் பயனை முதலாளிக்கு ஈந்துவிட்டுத் தாம் வறுமையில் வாடும் தொழிலாளரே! இவ்வங்கதம் கசப்பானது, ஆயினும் நியாயமானது. பாண் துண்டுகளை வெட்டிவைத்து, இலாபம் எங்ஙனம் பிறக்கிறதெனக் கதைநாயகன் ஓவென் சகதொழிலாளருக்கு விளக்கும் காட்சியைப் பொருளியல் மாணவர் அவசியம் படித்தல் வேண்டும்.

பதிப்பாளர் மறுத்த கையெழுத்துப் பிரதியைத் தீக்கிரையாகாது காத்தவர் கத்லீன். கனடா செல்லும் எண்ணத்துடன் லிவர்பூல் சென்ற நூனன், 1911 பெப்ரவரி 3ஆம் நாள் காசநோயால் அங்கு இறந்து, வேறு பன்னிருவரோடு ஏழைகளின் பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டார். நாவல் 1914இல் வெகுவாகச் சுருக்கப்பட்டே வெளிவந்தது. ஹேஸ்டிங்ஸ்வாசியான பிரெட் போல் மூலப்பிரதியைத் தேடிப் பெற்றதன் பயனாக, முழுநூல் 1955இல் அச்சேறியது.

நாவலில் ஊரின் பெயர் ‘மக்ஸ்பரோ’. ஏமாளிகளின் பட்டினம் என்னலாம். கடலோர நகரை லண்டனுக்கு இருநூறு மைலுக்கப்பால், உள்நாட்டில் வைத்துவிட்டார் ஆசிரியர்! அந்த மாறுவேடத்தைக் களைந்து பார்ப்பதிலேதான் இந்நடையின் சுவை உளது. மில்வாட் வீதியிலே அவர் குடியிருந்த வீட்டைக் காணலாம்.

அவரது கைவேலையையோ வீதியிற் காண்பதரிது. வர்ணந் தீட்டுவோன் வேலை, அடுத்தவன் தூரிகை படும்வரைதானே! புனித அந்திரேயர் தேவாலயத்தில் அவர் தீட்டிய சுவரோவியம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1970இல் அத்தேவாலயமும் இடிக்கப்பட்டது. அவ்வேளை காப்பாற்றப்பட்ட ஒரு பகுதி ஹேஸ்டிங்ஸ் அரும்பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தது. நூனனின் தூரிகையை அறிய விழைவோர் வீதியை விட்டு அங்கேதான் செல்லல் வேண்டும்.