மடிக்கணினியில் புளூரே தகடு: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

நமது சங்க அலுவலகத்து மடிக்கணினியில் புளூரே தகடு ஓடுவதற்காக ஆன செலவைப் பற்றிச் சென்ற மகாசபையில் அங்கத்தினர் சிலர் கேள்வி எழுப்பினர். கேட்டது நியாயமே. செலவழிந்தது பொதுப் பணம். தொகை விவரம் கணக்கறிக்கையில் உள்ளது. ஆயினும், எது அவசியச் செலவு, எது வீண் செலவு என்பதைக் கணக்கறிக்கை கூறாது. அதைக் கூறுவது நம் கடமை. இதே பொருளை வீட்டிற்கென வாங்க எண்ணும் அங்கத்தினர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் இச்செலவு ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் சங்க விழாவின்போது, கோர்வை நெசவில் கைதேர்ந்த மூத்த நெசவாளர் ஒருவரின் வேலையைப் படம் பிடித்து வைத்தோம். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் இழையோடு இழை பிணைக்கும் வேலை அது. படம் பிடித்தவர் அதனை ஒரு டி.வி.டி.யிலும் ஒரு புளூரே தகட்டிலும் பதித்துக் கொடுத்தார். அப்பெரியவர் இப்போது நம்மிடையே இல்லை. தறிக்குப் புதிதாக வந்துள்ள இளைஞர்கள் அவர் கைவேலையைக் காண விரும்பினர். டி.வி.டி.யைப் போட்டுக் காட்டினோம். முகம் தெரிந்தது, விரல் தெரிந்தது, இழை தெரியவில்லை. இழை தெரியாத நெசவுப் படத்தால் என்ன பயன்? ஆகவே புளூரே தகட்டை நாடினோம்.

தகட்டின் இயல்பு

குறுந்தகடு, டி.வி.டி., புளூரே ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒன்றே. மூன்றும் 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடையவை. வேற்றுமை உள்ளே இருக்கிறது. தகட்டின் மேல் செய்தியானது நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சுருளாக, உழவுச் சால் போலப் பதிந்திருக்கும். குறுந்தகட்டில் ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டி.வி.டி.யில் இவ்விடைவெளி 0.74 மைக்ரான், புளூரேயில் 0.32 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் சுமார் 200 சால்கள் அடங்கிவிடும்.

ஒரே அகலமுள்ள பண்ணையில் 40ஆம் நம்பர் நூலுக்குப் பதில் 100ஆம் நம்பர் நூலைப் பூட்டினால் எத்தனை இழை கூடுதலாகக் கொள்ளும் என்பதை நம் நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகட்டிலும் அவ்வாறே. டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். புளூரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட், இரண்டடுக்கில் 50 ஜிகாபைட் கொள்ளும். நம் நாட்டு முறையிலான டி.வி.டி. படம் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் உடையது. புளூரே படமோ 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு வரும். மங்கிய விரலுக்கும் தெளிந்த இழைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இவ்வளவு நெருக்கமான சாலைப் படிப்பதற்கு நுண்ணிய ஒளி வேண்டும். டி.வி.டி. டிரைவ் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரால் படிக்கிறது. புளூரே டிரைவோ 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலஊதா லேசரைக் கொண்டது. தகட்டிற்கு அப்பெயர் வந்ததும் அந்நீல ஒளியாலேயே.

இங்கேதான் நாம் முதலில் தவறினோம். மடிக்கணினியில் ஏற்கெனவே டி.வி.டி. டிரைவ் இருக்கிறது, ஏதேனும் மென்பொருளைச் சேர்த்தால் புளூரேயும் ஓடிவிடும் என நம்பி ஒரு வாரத்தை வீணாக்கினோம். எந்த மென்பொருளும் சிவப்பு ஒளியை நீல ஒளியாக மாற்ற வல்லதன்று. டிரைவையே மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

டிரைவைச் சேர்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. கணினியிலுள்ள பழைய டிரைவைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் புளூரே டிரைவைப் பொருத்துவது ஒன்று. மடிக்கணினி டிரைவ்கள் பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர் கனத்தில் வருகின்றன. கனமானது மெல்லிய இடத்தில் நுழையாது. இணைப்பு முனையும் ஒத்திருக்க வேண்டும். மிகப் பழைய கணினிகளில் உள்ள ஐ.டி.இ. முனையும் பின்னர் வந்த சாட்டா முனையும் ஒன்றுக்கொன்று பொருந்தா. பழையதைக் கழற்றி அளந்து பார்க்காமல் புதியதை வாங்கலாகாது.

மற்றொரு வழி, யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் வெளி டிரைவ். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டிற்கு இடமே இல்லையாதலால் அவற்றிற்கு இவ்வழி ஒன்றே உண்டு. இன்னொரு கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நாமும் இதையே கைக்கொண்டோம். பழைய யு.எஸ்.பி. 2.0 முனையின் வேகம் போதுமா என்று சிலர் ஐயுறுவர். புளூரே படத்திற்கு வினாடிக்கு உச்ச அளவாக 54 மெகாபிட் வேண்டும். அம்முனையின் பெயரளவு வேகம் 480 மெகாபிட். வேகத்தில் குறைவில்லை, குறைவு மின்சாரத்தில் உண்டு. அம்முனை 500 மில்லியாம்பியர் மட்டுமே அளிக்கும், யு.எஸ்.பி. 3.0 முனை 900 வரை அளிக்கும். நம் டிரைவ் முதல் நாளில் டக்டக்கென ஓசையிட்டு நின்றுவிட்டது. பழுது எனக் கருதித் திருப்பியனுப்ப இருந்தோம். இரண்டு முனைகளிலிருந்து மின்சாரம் பெறும் இரட்டைக் கம்பியைப் பூட்டியதும் ஒழுங்காக ஓடியது. பழுதென்று முடிவு கட்டுமுன் மின்சாரத்தைச் சோதிப்பது நலம்.

வாங்கும்போது மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். புளூரேயைப் படிக்க மட்டும் வல்ல டிரைவ் வேறு. பதியவும் வல்லது வேறு. முந்தியதில் பெரும்பாலும் டி.வி.டி.யில் பதியும் வசதி மட்டும் இருக்கும். பெட்டியின் மேல் புளூரே என்றும் பதிவு என்றும் இரு சொற்களைக் கண்டு, புளூரேயிலேயே பதியலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

பூட்டும் சாவியும்

டிரைவ் வந்தபின் படம் தானே தெரிந்துவிடும் என்பது அடுத்த தவறான எண்ணம். விண்டோஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் புளூரே திரைப்படத்தைக் காட்டும் ஏற்பாடு இயல்பாக அமைந்திருப்பதில்லை. அதற்கெனத் தனி மென்பொருள் தேவை. எந்த மென்பொருள் என்பது தகட்டைப் பொறுத்தது.

கடையில் விற்கும் திரைப்படத் தகடுகளில் ஏ.ஏ.சி.எஸ். என்னும் மறைப்பு முறை பூட்டாக இடப்பட்டுள்ளது. அதனைத் திறப்பதற்கு உரிமம் பெற்ற மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும். பவர்டிவிடி என்பது அத்தகையது. அதற்கும் புதுத் தகடுகளுக்கேற்ப அவ்வப்போது சாவியைப் புதுப்பிக்க இணைய இணைப்பு வேண்டும். ஆனால் நாமே எடுத்துப் பதித்த படங்களில் இப்பூட்டு பொதுவாக இராது. அவற்றை வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளிலேயே காணலாம்.

அங்கத்தினர்கள் சினந்ததும் இவ்விடத்தைப் பற்றியே. விற்பனையாளர் கட்டாயம் என்றார். நாமும் கேள்வி கேளாது மென்பொருளை விலைக்கு வாங்கினோம். நம் தகட்டிலோ பூட்டே இல்லை. பூட்டில்லாத பெட்டிக்குச் சாவி வாங்கியவர்களானோம். தகடு யார் பதித்தது என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்டிருந்தால் அச்செலவு மிஞ்சியிருக்கும். தவறு நம்முடையதே.

திரையும் கணினியின் வலிமையும்

புளூரே படம் மிகவும் சுருக்கி மடிக்கப்பட்ட நிலையில் தகட்டில் இருக்கிறது. அதனை வினாடிக்குப் பல முறை விரித்துக் காட்ட வேண்டும். 2010க்குப் பின் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இதற்கான உறுப்பு உண்டு. அதற்கு முற்பட்டவற்றில் படம் விட்டுவிட்டு ஓடக்கூடும். திரையையும் நோக்க வேண்டும். 1366க்கு 768 புள்ளிகள் உள்ள திரையில் புளூரேயின் தெளிவில் ஏறக்குறையப் பாதியே தெரியும். பலர் கூடிப் பார்ப்பதற்குப் புரொஜெக்டரில் இணைப்பதானால், பூட்டுள்ள திரைப்படத்திற்கு எச்.டி.சி.பி. என்னும் பாதுகாப்பு முறையை ஏற்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு வேண்டும். பழைய வி.ஜி.ஏ. கம்பி வழியே காட்ட மென்பொருள் மறுக்கக்கூடும். நம் சொந்தப் படத்திற்கு இத்தடை இல்லை.

2016இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூரே என்ற உயர்தரத் தகட்டைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். கணினியில் அதன் திரைப்படங்களை உரிமமுள்ள மென்பொருளால் காண, இன்டெல் செயலியில் எஸ்.ஜி.எக்ஸ். என்னும் பாதுகாப்பு அமைப்பு தேவைப்பட்டது. வீட்டு உபயோகச் செயலிகளில் 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் அதனைக் கைவிட்டது. ஆகவே புதிய கணினிதானே, எல்லாம் ஓடும் என்ற நம்பிக்கை இங்குச் செல்லாது.

தகட்டை மட்டும் நம்பலாமா?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இணைய வழியே படம் காணும் வழக்கம் பெருகியதால் தகட்டுத் தொழில் சுருங்கி வருகிறது. பதிவு செய்யத்தக்க புளூரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் நிறுத்திவிட்டது. டிரைவும் ஒரு நாள் பழுதாகும். அன்று மாற்று டிரைவ் எளிதில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் வைப்பவர் உண்டோ? ஆகவே நம் படத்தை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் படியெடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றைச் சங்கத் தலைவர் வீட்டிலும் வைத்திருக்கிறோம். அது நமது சொந்தப் படமாதலால் படியெடுக்கத் தடையில்லை.

ஆகவே புளூரே டிரைவ் வாங்க எண்ணுவோர் இவ்வரிசையில் கேட்டறிதல் வேண்டும். காண விரும்பும் தகடு யார் பதித்தது? அதில் பூட்டு உண்டா? கணினியில் டிரைவுக்கு இடமுண்டா, இருப்பின் அதன் கனம் என்ன? வெளி டிரைவானால் மின்சாரம் போதுமா? திரை அத்தெளிவைக் காட்டுமா? இவற்றிற்கு விடை கிடைத்தபின் பணப்பையைத் திறக்கலாம். ஓரிரு தகடுகளை மட்டும் காண வேண்டியிருப்பின், வாங்குவதைவிடச் சங்கத்து டிரைவை ஓரிரு நாள் பெற்றுச் செல்வதே சிக்கனம். அதற்கென அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டுள்ளது.

சென்ற மாதம் சங்கக் கூடத்தில் அப்படத்தைத் திரையிட்டோம். பெரியவர் கரை நாடாவை வாங்கி உடல் இழையோடு பிணைக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, இளைஞர்கள் அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர். இம்முறை இழை தெரிந்தது. டிரைவுக்கு ஆன செலவு அவசியமானது என்றும், மென்பொருளுக்கு ஆன செலவு தவிர்த்திருக்கத்தக்கது என்றும் அங்கத்தினர்கள் முன் ஒப்புக்கொள்கிறோம். இனி இத்தகைய பொருள் எதையும், தேவையை எழுத்தில் விவரித்து நிர்வாகக் குழுவில் வைத்து ஆராய்ந்த பின்னரே வாங்குவோம்.