குறுக்கே ஓடும் கோடுகள்

2022 நவம்பர் 22, மாலை ஐந்தரை மணி இருக்கும். கேரளத்தில், கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து காரியவட்டம் போகும் சாலையில் நான் வழக்கமாகச் சாயா குடிக்கும் கடை முன்னால் ஒரே கூட்டம். கடைக்காரர் அர்ஜென்டினா ரசிகர். கடை நெற்றியில் பத்தடி உயரத்தில் மெஸ்ஸி நிற்கும் பிளெக்ஸ். சற்று முன்னால்தான் கத்தாரில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்திருந்தது. கடைக்காரரின் அளியன், நாகர்கோவில் பக்கம் மச்சினன் என்போமே அவர், பிரேசில் மஞ்சள் சட்டையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். கையில் கறுப்புக் கரை போட்ட தாள். யாராவது இறந்தால் கேரளத்தில் சுவரில் ஒட்டுவார்களே, அதே வடிவம். 'ஆதராஞ்சலிகள்' என்ற எழுத்துக்குக் கீழே மெஸ்ஸியின் படம். அதைப் பொறுமையாகப் பசை தடவி பிளெக்ஸின் காலடியில் ஒட்டினார். கடை குலுங்கிச் சிரித்தது. கடைக்காரரும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

பதினெட்டு நாள் கழித்துக் கணக்கு தீர்ந்தது. முந்தைய இரவு குரோவேஷியாவிடம் பெனால்டியில் தோற்று பிரேசில் வெளியேறியிருந்தது. காலையில் அளியன் வந்து உட்கார்ந்ததும் பால் இல்லாத கட்டன் சாயாவை அவர் முன் வைத்தார் கடைக்காரர். "பிரேசில்காரங்களுக்கு இன்னிக்குக் கறுப்புதான் அளியா. துக்கம் நடந்த வீடில்லையா?"

அந்தக் கடையில் நான் கவனித்தது வேறொன்று. மஞ்சள் சட்டைக்காரர்களில் ஒருவர் கழுத்தில் சிலுவை போட்ட புத்தன்தோப்பு மீனவர், இன்னொருவர் கணியாபுரம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருபவர். அளியன் சந்தனக் குறி இல்லாமல் வண்டி எடுக்காதவர். எதிர்ப்பக்கத்து நீல வெள்ளைச் சட்டைகளிலும் இதே மூன்று வகை மனிதர்கள். மதம் ஒரு கோடு, கால்பந்து ஒரு கோடு. இரண்டும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. அந்தச் சிரிப்பின் ரகசியம் இந்தக் குறுக்கு வெட்டில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கோடுகள் குறுக்கே ஓடாத ஒரு நகரத்துக்குப் போக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அங்கே இரண்டு பெரிய அணிகள். நீலச் சட்டை ரேஞ்சர்ஸ் 1872-இல் தொடங்கியது. பச்சை வெள்ளைப் பட்டை போட்ட செல்டிக் 1887-இல் ஒரு தேவாலயக் கூடத்தில் பிறந்தது. வால்ஃபிரிட் என்ற கத்தோலிக்கத் துறவி, பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக அதைத் தொடங்கினார். பசித்த வயிறுதான் முதல் காரணம். அதன்மேல் ஒவ்வொரு அடுக்காக ஏறியது. கத்தோலிக்கர் என்றால் செல்டிக், புராட்டஸ்டன்ட் என்றால் ரேஞ்சர்ஸ். பூர்விகம் அயர்லாந்தா, பிரிட்டனா? படித்தது எந்தப் பள்ளி? எல்லாக் கேள்விக்கும் விடை ஒரே கோட்டின் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். அங்கே புதிதாகப் பழகுகிறவர் 'எந்தப் பள்ளியில் படித்தீர்கள்' என்று கேட்டால், மதம் எது, அணி எது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்பது ஊரறிந்த விஷயம். பல பத்தாண்டுகள் கத்தோலிக்கர் என்று தெரிந்த பெயர்பெற்ற ஆட்டக்காரர் எவரையும் ரேஞ்சர்ஸ் எடுத்ததில்லை. 1989-இல் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனை எடுத்தபோது அந்த அணியின் ரசிகர்கள் சிலர் சொந்த அணியின் கழுத்துத் துண்டையே கொளுத்தினார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஊரில் மதம், அணி, பள்ளி, பூர்விகம் என்று நான்கு கோடுகள். ஒவ்வொன்றும் ஊரைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறது. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஊரில் இரண்டே வகை மனிதர்கள். பேருந்தில் உங்களோடு ஏறும் 16 பேரில் 8 பேருக்கும் உங்களுக்கும் பொதுவாக எதுவுமே இருக்காது. அதே நான்கு கோடுகள் தாறுமாறாகக் குறுக்கே ஓடினால் 16 வகை மனிதர்கள் உருவாகிறார்கள். இப்போது அதே 16 பேரில் உங்களோடு எதிலும் ஒட்டாதவர் சராசரியாக ஒரே ஒருவர். மற்ற 15 பேரோடும் ஒரு நூலாவது இருக்கும். கோடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, திசை மட்டும்தான் மாறியது. ஜெர்மனியின் சமூகவியலர் கியோர்க் சிம்மல் நூறாண்டுக்கு முன்பே ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் என்று இதை விளக்கினார். இன்றைய ஆய்வாளர்களின் சொல்லைத் தமிழில் 'குறுக்குப் பிளவு' எனலாம்.

கோடு போட எவ்வளவு மை வேண்டும் என்று பார்க்க ஒருவர் ஆசைப்பட்டார். ஹென்றி தாஜ்ஃபெல், போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து மீண்டு வந்தபோது அவர் குடும்பத்தில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களைக் கூட்டி ஒரு சோதனை செய்தார். திரையில் புள்ளிகள் மின்னி மறையும், எத்தனை என்று ஊகிக்க வேண்டும். பிறகு 'நீ கூடுதலாக ஊகிக்கும் குழு, நீ குறைவாக ஊகிக்கும் குழு' என்று பிரித்துச் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பிரிவு வெறும் குலுக்கல். காசு பெறுபவர் யார் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது, அவரின் எண்ணும் குழுவும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது சொந்தக் குழுவுக்கே அதிகம் தள்ளினார்கள். அதைவிட வியப்பு, தம் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவோடு இடைவெளி பெரிதாக இருக்கட்டும் என்று பலர் தேர்ந்தெடுத்தது. 'குறைந்தபட்சக் குழு' என்று இதற்குப் பெயர். பின்னர் நாணயம் சுண்டிப் பிரித்தார்கள். அதற்கும் பலன் அதேதான்.

படிக்கும்போது மனம் சோர்கிறது, உண்மைதான். ஆனால் இத்தனை சுலபமாகப் போட்ட கோட்டை அழிப்பதும் அத்தனை சுலபமாக இருக்க வேண்டுமே! 2005-இல் மார்க் லெவினும் அவர் குழுவும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, அந்த அணியின்மேல் தங்களுக்கு உள்ள பற்றைப் பற்றி எழுத வைத்தார்கள். அடுத்த கட்டடத்துக்கு அவர்கள் நடந்துபோகும் வழியில் ஒருவர் ஓடிவந்து வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அது நடிப்பு. அவர் போட்டிருந்தது மான்செஸ்டர் சட்டையாக இருந்தபோது 13 பேரில் 12 பேர் உதவினார்கள். பரம எதிரி லிவர்பூலின் சட்டையாக இருந்தபோது 10 பேரில் 3 பேர் மட்டும். அடுத்த சுற்றில் ஒரே ஒரு மாற்றம். 'கால்பந்து ரசிகராக இருப்பதில் என்ன சுகம்' என்று எழுதச் சொன்னார்கள், அவ்வளவுதான். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கு 10-இல் 7 பேர் கைகொடுத்தார்கள். ஒரு கேள்வியின் சொற்கள் மாறியதும் எதிரி உறவினராகிவிட்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இது நடப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் நூறாண்டுப் பகையாளிகள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த இவர்களின் ஆட்டத்தில் நெரிசலும் கலவரமுமாக 16 ரசிகர்கள் மடிந்தார்கள். 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த ஆட்டம் ரத்தானபோதோ, பெண் மருத்துவர் ஒருவரின் கொலைக்கு நீதி கேட்டு இரு அணி ரசிகர்களும் அரங்கத்தின் வெளியே ஒன்றாக நின்றார்கள். அதே நகரத்து முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். மோகன் பகான் சட்டைக்காரரின் தோளில் ஈஸ்ட் பெங்கால் சட்டைக்காரர் அமர்ந்திருந்த படத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கழக்கூட்டத்துக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. 2016 ஜனவரி 3, காரியவட்டம் கிரீன்ஃபீல்டு அரங்கில் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டம். 70-ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் முந்தியது. இரண்டே நிமிடத்தில் மிசோரத்துக்காரர் ஜெஜெ சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலில் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. அரங்கத்தில் அன்று அர்ஜென்டினாவும் இல்லை, பிரேசிலும் இல்லை.

சரி, சிரிப்பு எங்கே வருகிறது? முதலில் அதன் இயந்திரத்தைப் பார்ப்போம். சிரிப்பு என்பது ஒரே மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுத் தசைகள் அதைத் துண்டு துண்டாக நறுக்குவது. ஒவ்வொரு 'ஹ'வும் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து 'ஹ'. இதை அளந்த அமெரிக்கர் ராபர்ட் ப்ரொவைன் கடைத்தெருக்களிலும் நடைபாதைகளிலும் ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைச் சேகரித்தார். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட நகைச்சுவைக்குப் பிறந்த சிரிப்பு இல்லை! 'சரி, பார்க்கலாம்' போன்ற சப்பைப் பேச்சுக்கே மக்கள் சிரித்தார்கள். தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் கண்டார். சிரிப்பின் முதல் வேலை ஆட்களை ஒட்டவைப்பது.

அந்தப் பசையின் பெயர் எண்டார்ஃபின். உடல் தானே காய்ச்சிக்கொள்ளும் வலிமருந்து. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு இதைச் சோதிக்கப் போன இடங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஃப்ரிஞ்ச் கலைவிழா. நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்தவர்களையும் நாடகம் பார்த்தவர்களையும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்கச் சொன்னார்கள். நம் பள்ளி பி.டி. வாத்தியார் கொடுக்கும் அதே தண்டனைதான். வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் வலியைக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். பிறகு 2017-இல் ஃபின்லாந்தின் டுர்க்கு நகரத்து ஆய்வாளர்கள், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையில் இந்த இயற்கை மருந்து சுரப்பதைப் படமே பிடித்துவிட்டார்கள்.

பசைக்குக் கண் கிடையாது. மற்ற மதத்தாரைக் கேவலப்படுத்தும் பாட்டைப் பாடி ஒரு கேலரி முழுக்கச் சிரித்தாலும் எண்டார்ஃபின் சுரக்கும். அந்தக் கேலரி இன்னும் இறுகும், எதிர்க் கேலரிக்குப் புண்படும். எந்தக் கேலி தைக்கும், எந்தக் கேலி தடவும்? பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் தந்த விடை 'தீங்கற்ற மீறல்'. அப்பா குழந்தையைக் கூரை வரைக்கும் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், குழந்தை கெக்கலிக்கிறது. ஆபத்து ஒன்று, ஆபத்தில்லை என்ற உறுதி ஒன்று, இரண்டும் ஒரே நொடியில் வர வேண்டும். அதையே முன்பின் தெரியாதவர் செய்தால் குழந்தை அலறும். அளியன் இரங்கல் தாளை ஒட்டியபோது கடைக்காரரால் சிரிக்க முடிந்தது, ராத்திரி இருவரும் ஒரே வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாற வேண்டியவர்கள் என்பதால்தான். குறுக்கே ஓடும் கோடு மீறலைத் தீங்கற்றதாக்குகிறது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஊரில் அதே தாள் கத்திக்குத்தில் முடிந்திருக்கும்.

அப்படியானால் கிளாஸ்கோவில் எவராலும் சிரிக்கவே முடியாதா? முடிந்தது, பில்லி கானலி என்ற நகைச்சுவைக் கலைஞரால். 1942-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், செல்டிக் ரசிகர். கிளைட் நதிக்கரைக் கப்பல்தளத்தில் வெல்டராக இரு தரப்போடும் வேலை செய்தவர். தொழிலாளிகள் ஒருவரையொருவர் கிண்டலடித்தே பொழுதைத் தள்ளும் இடம் அது. மேடைக்கு வந்ததும் அவர் முதலில் சீண்டியது சொந்தத் தரப்பை. இயேசுவின் கடைசி இராவுணவைக் கிளாஸ்கோ சாராயக் கடையில் நடப்பதாக அவர் சொன்ன கதைக்கு ஒரு போதகர் அரங்க வாசலில் மறியலே செய்தார். அரங்கத்தின் உள்ளே இரு தரப்பும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சிரித்தன. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நகைச்சுவை உண்டு. 'நான் நாத்திகன்' என்கிறார் ஒருவர். 'அது சரி, கத்தோலிக்க நாத்திகனா, புராட்டஸ்டன்ட் நாத்திகனா?' என்று கேட்கிறார் மற்றவர். சிரிப்பவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் கோடு எத்தனை அபத்தம் என்பதை ஒரு கணம் பார்த்துவிடுகிறார்.

1936-இல் அதே செல்டிக் அணிக்கு ஒரு விருந்தாளி வந்தார். கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர் முகமது சலீம். பூட்ஸ் போட்டுப் பழகாத காலில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பிய அணிக்கு ஆடிய முதல் இந்தியர் அவர். சலீமின் காலுக்குக் கட்டுப்போடுகிறார் செல்டிக்கின் ஜிம்மி மெக்மெனமி. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கத் துறவி தொடங்கிய அணியில், முஸ்லிம்கள் தொடங்கிய அணியிலிருந்து வந்தவரின் பாதம்.

மதவாரியாக அணி கட்டுவது நமக்குப் புதிதில்லை. பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், மற்றவர்கள் என்று ஐந்து கிரிக்கெட் அணிகள் மோதிய போட்டி 1946 வரை நடந்தது. 1940-இல் காந்தி அதை எதிர்த்தார். பிறகு ஊர்வாரியான போட்டிகளே நிலைத்தன.

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ உங்கள் ஊரில் பந்தாட்டம் நடத்துகிறவர் நீங்களா? தெருவாரியாக அணி பிரிக்காதீர்கள். நம் ஊர்களில் தெரு என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். கோயில்வாரியாக, பள்ளிவாசல்வாரியாக, பங்குவாரியாகவும் வேண்டாம். எல்லார் பெயரையும் எழுதி, ஒரு குடத்தில் போட்டு, சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஆட்டத்தின் சூடு குறைந்துவிடுமோ என்ற பயமே வேண்டாம். நாணயம் சுண்டிப் பிரித்தாலும் நம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். மறுநாள் காலை டீக்கடையில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.