பூப்பந்தாட்டத்தில் விரைவும் தளராமையும்

பூப்பந்தாட்டம் பயில்வோர்க்கு மைதானத்தைப் பலமுறை சுற்றி மெல்லோட்டம் ஓடுவதே போதுமெனக் கருதுவது பெருவழக்கு. இக்கருத்து ஒருபாதியே உண்மை. தனியராட்டக் களம் 13.4 மீற்றர் நீளமும் 5.18 மீற்றர் அகலமும் உடையது. அதன் பாதிக்குள்ளேயே ஆட்டக்காரன் முன்னும் பின்னும் பாய்ந்து, நின்று, திரும்பவும் பாய்தல் வேண்டும்.

ஜப்பானியராகிய இசுமி தபாட்டாவும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. 20 விநாடி முழு வலிமையோடு உழைத்து, 10 விநாடி ஓய்ந்து, இவ்வாறு ஏழெட்டு முறை செய்தோர்க்கு, ஆறு வாரத்தில் குறுங்கால ஆற்றலும் மூச்சின்வழி நீடிக்கும் ஆற்றலும் ஒருங்கே வளர்ந்தன. நிலையான மிதிவண்டியில் நிகழ்ந்த அம்முறையைக் களத்தின் ஆறு முனைகளுக்கும் பந்தின்றி ஓடும் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். பந்தின்மை யாழ்ப்பாணத்தார்க்கு வசதியே. ஐந்து கிராம் அளவேயான இறகுப்பந்து திறந்த வெளியில் சோளகக் காற்றுக்கு நில்லாது. காற்றடங்கும்வரை வாளாவிருப்பதினும் இது நன்று.

யாழ்ப்பாணக் கிராமங்களின் கிளித்தட்டைப் புறக்கணித்தலும் ஆகாது. கோட்டின்மேல் ஓடி மறிக்கும் கிளியும், போக்குக்காட்டிக் கடப்போனும் செய்வது இதே பாய்ச்சல், இதே திடீர்த் திருப்பம். மட்டை பிடியாத சிறுவனுக்கு இதனிற் சிறந்த தொடக்கம் வேறில்லை எனலாம். முழங்கால் நோவுடையோர் சீமெந்துத் தரையை விலக்கி மணற்றரையில் பயில்க. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் போதும். நாடோறும் செய்யின் தசை ஆறுதற்கு இடமிராது.