குளிர்கடலில் கரைந்து மறைந்த நட்சத்திர மீன்கள்: பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களின் குறிப்புகள் அறிவியலுக்கு உதவியது எப்படி?

கனடாவின் வான்கூவர் நகருக்கு அருகே உள்ள ஹவ் சவுண்ட் கடற்கழியில், 2013-ஆம் ஆண்டு கோடைக்கால இறுதியில் முக்குளித்தவர்கள் விசித்திரமான காட்சி ஒன்றைக் கண்டனர். பாறைகளின் மேல் ஊர்ந்து திரியும் சூரியகாந்தி நட்சத்திர மீன்களின் கரங்கள் முறுக்கிக்கொண்டும், உடலிலிருந்து கழன்றும் கிடந்தன. கழன்ற கரங்களில் சில தனியே நகர்ந்து சென்றன. பின்னர் அவை இருந்த இடத்தில் எஞ்சியது வெண்ணிறக் கூழ் மட்டுமே.

அவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். விடுமுறை நாளில் கடலடியைப் பார்த்து வரச் சென்ற பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்கள். அவர்கள் எடுத்த படங்களும் காணொலிகளும் கடலியல் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையிலும் நட்சத்திர மீன்கள் நோயுற்றது பதிவாகியிருந்தது. அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை 20-க்கும் மேற்பட்ட நட்சத்திர மீன் இனங்களைத் தாக்கிய இந்த நோய், காட்டு விலங்குகளிடையே கடலில் பதிவான மிகப்பெரிய நோய்ப் பரவல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

குளிர்ந்த நீரில் ஏன் இத்தனை உயிர்கள்?

ஸ்கூபா முக்குளிப்பு என்றதும் இந்தியர் பலரின் நினைவுக்கு வருவது அந்தமானும் லட்சத்தீவும்தான். அங்கு நீரின் வெப்பநிலை 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், தெளிவும் அதிகம். வட பசிபிக் கரையோரத்தில் நிலைமை நேர்மாறானது. சியாட்டில், வான்கூவர் பகுதிகளை ஒட்டிய சாலிஷ் கடலில் முக்குளிப்பாளர் செல்லும் ஆழத்தில் நீர் பெரும்பாலும் 7 முதல் 12 டிகிரி வரையே இருக்கும். கோடையில் நீர் பச்சை நிறமாகக் கலங்கி, சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்களும் உண்டு.

அந்தக் கலங்கலே வளத்தின் அடையாளம் என்பதுதான் சுவையான செய்தி. ஆழ்கடலிலிருந்து மேலெழும் குளிர்ந்த நீர், நைட்ரேட் போன்ற சத்துகளைச் சுமந்து வருகிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜனும் கூடுதலாகக் கரையும். சூரிய ஒளி கிடைத்ததும் மிதவைத் தாவர உயிரிகள் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. அவற்றை உண்டு சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை உண்டு பேருயிர்களும் வாழ்கின்றன. பவளத் திட்டுகளின் படங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு குளிர்கடல் பாறைச் சுவரில் உள்ளங்கை அளவு வெற்றிடம்கூட இல்லாமல் வெள்ளைக் கடற்சாமந்திகள் மொய்த்திருப்பது வியப்பளிக்கும்.

நீர் தெளிவாக இருப்பது குளிர்காலத்தில்தான். ஒளி குறைந்து மிதவை உயிரிகள் அடங்கும் அந்த மாதங்களையே அனுபவசாலிகள் விரும்புகின்றனர். லிங்காட் எனும் பெரிய மீன் முட்டையிடுவதும் அப்போதுதான். முட்டைத் திரளை ஆண் மீன் வாரக்கணக்கில் காவல் காக்கும். நெருங்கும் முக்குளிப்பாளரையும் அது விரட்டுவதுண்டு.

உடலும் கருவிகளும்

நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே வெப்பமண்டலக் கடலில் அணியும் மெல்லிய உடை இங்கு உதவாது. 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட் சூட் அணிபவர்களும் உள்ளனர் என்றாலும், நீர் உட்புகாத டிரை சூட்டே பரவலாகப் பயன்படுகிறது. அதனுள் இருக்கும் காற்று ஆழத்தில் சுருங்கும், மேலேறும்போது விரியும். அதைக் கட்டுப்படுத்தத் தனிப் பயிற்சி தேவை. பயிற்சியற்றவர் கட்டுப்பாடிழந்து வேகமாக மேலெழும் அபாயம் உண்டு.

சுவாசக் கருவிக்கும் குளிர் சோதனைதான். சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்று விரியும்போது குளிர்வதால், 10 டிகிரிக்குக் கீழான நீரில் கருவியின் உட்பகுதி உறைந்து, காற்று அடங்காமல் பீறிடக்கூடும். இதைத் தாங்குவதற்கெனத் தனி வடிவமைப்புக் கருவிகள் விற்கப்படுகின்றன. இவற்றைவிட முக்கியமானது நேரக் கணிப்பு. குறுகிய கால்வாய்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் கடும் நீரோட்டத்தை உண்டாக்கும் என்பதால், நீரோட்டம் அடங்கி நிற்கும் சிறிது நேரத்தைப் பட்டியலில் பார்த்தே இறங்குகின்றனர்.

24 கரங்கள் கொண்ட வேட்டையாடி

இத்தனை சிரமத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் காட்சிகளில் ஒன்றாகவே சூரியகாந்தி நட்சத்திர மீன் இருந்தது. ஐந்து கரங்களுடன் வாழ்வைத் தொடங்கி, வளர வளர 24 கரங்கள் வரை பெறும் உயிரினம் அது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு மீட்டர் அகலம் எட்டக்கூடியது. கரங்களின் அடியிலுள்ள ஆயிரக்கணக்கான குழல் பாதங்களால், நட்சத்திர மீன்களில் வியக்கத்தக்க வேகத்தில் நகரும். அது வரும் வாசனை அறிந்து சிப்பிகளும் கடல் முள்ளெலிகளும் ஓட்டம் பிடிப்பதை முக்குளிப்பாளர்கள் பலமுறை படமெடுத்துள்ளனர்.

கடல் முள்ளெலிகளை அது உண்பதில்தான் ஒரு காட்டின் உயிரே அடங்கியிருந்தது. கெல்ப் எனப்படும் நெடிய பழுப்புக் கடற்பாசிகளை முள்ளெலிகள் மேய்கின்றன. வேட்டையாடி இல்லாத இடத்தில் அவை பெருகி, பாசிக் காட்டைப் பாறை வரை மேய்ந்து மொட்டையாக்கிவிடும். ஹவ் சவுண்டில் நடத்தப்பட்ட ஆய்வில், நோய்க்குப் பின் பச்சைக் கடல் முள்ளெலிகள் ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகியதும், கெல்ப் பரப்பு வெகுவாகச் சுருங்கியதும் தெரியவந்தன. வடக்குக் கலிபோர்னியாவில் 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, கெல்ப் காடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. உணவின்றி அபலோன் நத்தைகள் மடிந்ததால், அங்கு பொழுதுபோக்கு அபலோன் சேகரிப்பு 2018-இல் நிறுத்தப்பட்டது.

ஒற்றை, சில, பல, ஏராளம்

நோய் எவ்வளவு பரவியது என்பதைக் கணக்கிட, நோய்க்கு முன் எத்தனை இருந்தன என்பது தெரிய வேண்டும். யாரும் திட்டமிட்டு எண்ணி வைக்காத உயிரினத்துக்கு அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? இங்குதான் முக்குளிப்பாளர்களின் குறிப்பேடுகள் கைகொடுத்தன. ரீஃப் என்ற தன்னார்வ அமைப்பு 1993 முதல் பயிற்சி பெற்ற பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களிடமிருந்து பதிவுகளைத் திரட்டி வருகிறது. முறை எளிது. முக்குளிப்பவர் விரும்பியபடி நீந்தலாம். அடையாளம் தெரிந்த உயிரினங்களை நீருக்கடியில் எழுதும் பலகையில் குறிக்க வேண்டும். ஒன்று என்றால் ஒற்றை, 2 முதல் 10 வரை சில, 11 முதல் 100 வரை பல, அதற்கு மேல் ஏராளம். துல்லியமான எண்ணிக்கை இல்லை என்ற குறை உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் பல ஆண்டுகள், பல்வேறு கைகள் குறித்தவை ஒன்றுசேரும்போது போக்கு தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

2019-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வு, இத்தகைய சுமார் 11 ஆயிரம் முக்குளிப்புப் பதிவுகளையும் ஆழ்கடல் இழுவலைக் கணக்கெடுப்புகளையும் இணைத்தது. கரையோரத்தில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் 80 முதல் 100 சதவீதம் வரை குறைந்ததும், வழக்கத்தைவிட நீர் வெப்பமாக இருந்த காலத்தோடு இச்சரிவு பொருந்தியதும் அதில் வெளிப்பட்டன. 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தது.

முக்குளிப்பாளர்களின் குரல் சட்டத்தை மாற்றியதும் உண்டு. 2012 இறுதியில் சியாட்டிலின் முக்குளிப்புத் தலம் ஒன்றில், பசிபிக் பெரும் ஆக்டோபஸ் ஒன்று வேட்டையாடப்பட்டது. தமிழக மீனவர் பேய்க்கணவாய் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த உயிரினம் இது. அப்போது அது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் அங்கு நாள்தோறும் அதைப் பார்த்துவந்தவர்களின் எதிர்ப்பு வலுத்தது. அடுத்த ஆண்டே மாநில அரசு ஏழு முக்குளிப்புத் தலங்களில் ஆக்டோபஸ் பிடிக்கத் தடை விதித்தது.

குற்றவாளி யார்?

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என 2014-இல் ஓர் ஆய்வு கூறியது. பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. நான்கு ஆண்டு ஆய்வுக்குப் பின், 2025 ஆகஸ்டில் கனடாவின் ஹக்காய் நிறுவனம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாவே காரணம் என அறிவித்தனர். காலராக் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்தது இது. நட்சத்திர மீனின் உடற்குழித் திரவத்தில் தேடியபோதே இது சிக்கியது. தொற்றிய மீன்கள் சுமார் இரண்டு வாரங்களில் கரைந்து மடிந்தன. விப்ரியோ கிருமிகள் பொதுவாக வெப்பமான நீரில் செழிப்பவை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் மத்தியக் கரையில், பனியாற்று நீர் கலக்கும் ஆழ்ந்த கடற்கழிகளில் பெரிய நட்சத்திர மீன்கள் இன்னும் உயிருடன் உள்ளன. அங்குள்ள குளிர் அவற்றுக்கு அரணாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரைடே ஹார்பர் ஆய்வகத்தில் 2019 முதல் குஞ்சுகள் வளர்க்கப்படுகின்றன.

சாலிஷ் கடலில் இறங்குவோர் இன்றும் பலகையை எடுத்துச் செல்கின்றனர். உள்ளங்கை அளவு இளம் நட்சத்திர மீன் தென்பட்டால் இடம், ஆழம், நாள் ஆகியவற்றைக் குறித்துப் படமெடுக்கின்றனர், தொடுவதில்லை. ஒன்றும் தென்படாத முக்குளிப்பின் பதிவும் அதே தரவுத்தளத்தில் சேர்கிறது.