மலையிலிருந்து வேலை – 7: துண்டுச் சீட்டும் வரிக் கணக்கும்

ஒப்பந்தத்தில் ‘ஊழியர் அல்லர், சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மறுபடி விளக்கப் போவதில்லை. அந்த வரியால் வரும் விளைவுதான் இந்த வாரத்துக்குரியது. தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு நிர்வாகம் 12 சதவீதம் போடுகிறது, சம்பளத்திலிருந்து 8 சதவீதம் பிடிக்கிறது, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் கட்டுகிறது. ஹட்டனில் இருந்துகொண்டு லண்டன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைக்குப் போடவும் ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை. முழுத்தொகையும் வங்கிக்கு வருகிறது. வரிப் பொறுப்பும் கூடவே வருகிறது. ஆகவே கணக்காளர் ஒருவர் தேவை. பட்டத்தையும் கொழும்பு விலாசத்தையும் பார்ப்பதற்கு முன், கணக்கை நம்மிடம் திறந்து காட்டுபவரா என்று பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதை மலையகத்தாருக்கு வலியுறுத்தக் காரணம் துண்டு. இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கொண்டுவரப் பெரிய கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணி, இத்தனை ஆட்கள், இத்தனை ரூபாய் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன். அவ்வளவுதான் வாசகம். அந்தச் சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி, தானும் முன்பணம் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். அடுத்த இடமாற்றத்தில் சீட்டின் தொகை இன்னும் கூடியிருக்கும். அந்த ஒற்றைத் தொகைக்குள் கங்காணியின் சொந்தக் கடனும் இருந்தது, கொழுந்து பறித்தவளின் கம்பளிக் கடனும் இருந்தது. எது யாருடையது என்று சீட்டு பிரித்துச் சொல்லவில்லை. தோட்ட முதலாளிகளே இந்த ஏலத்தில் களைத்துப்போய், நேரடியாக ஆள் சேர்க்க 1904இல் திருச்சியில் தொழில் ஆணையகம் ஒன்றைத் திறந்தார்கள். அப்போதும் துண்டு ஒழியவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் அதைத் தடை செய்தது. கடல் கடந்து வந்த உழைப்பின் கணக்கை உழைத்தவர் பார்க்காமலே தலைமுறைகள் கழிந்தன.

கணக்காளர் கடன் கொடுப்பவர் இல்லையே, கங்காணியோடு அவரை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு பேரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வரித்திரட்டில் எந்தத் தொகை எந்தப் பிரிவில் போனது என்று தெரியாமல் ஒப்புக்கொள்வது, பிரிக்கப்படாத தொகையை ஏற்பதற்குச் சமம். அதன் விலையைப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு அந்நியச் செலாவணியில் பெற்று, வங்கி வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்த வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை வரிவிலக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் அதற்கு வரி உண்டு. உச்ச வீதம் 15 சதவீதம். செலவு போக மாதம் 4 இலட்சம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 48 இலட்சம். தனிநபர் நிவாரணம் 18 இலட்சத்தைக் கழித்தால் 30 இலட்சம் மிஞ்சும். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், மீதிக்கு 15 சதவீதம். மொத்த வரி 3,60,000 ரூபாய். அதே பணத்தைச் சாதாரண உள்நாட்டு வருமானமாகக் காட்டினால் 18, 24, 30, 36 என்று வீதம் ஏறி வரி 6,00,000 ரூபாயில் நிற்கும். ஒரு கட்டத்தில் தவறாக எழுதியதற்கு 2,40,000 ரூபாய். அதையே ஊழியச் சம்பளமாகக் காட்டினால் இணையக் கட்டணம், கணினித் தேய்மானம் போன்ற செலவுகளைக் கழிக்கவும் வழியில்லை.

எனவே கணக்காளரிடம் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இப்போது வரி உண்டா? ‘அதற்கு வரியே இல்லை தம்பி’ என்று பதில் வந்தால் அவர் 2025க்கு முன்பே நின்றுவிட்டார். பேயோனியர் என்ற இணையப் பணச்சேவைக் கணக்கில் டாலரை வைத்துக்கொண்டு அங்கிருந்தே அட்டையில் செலவழித்தால் 15 சதவீதச் சலுகை கிடைக்குமா? பணம் வங்கி வழியாக நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் தாமாகச் சொன்னால் நல்லவரிடம் வந்திருக்கிறீர்கள்.

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இப்படி ஒருவர் கிடைப்பாரா என்பது அடுத்த தயக்கம். நம் நகரங்களின் கணக்கு அலுவலகங்கள் பெரும்பாலும் கடைக் கணக்குக்கும் லொறிக் கணக்குக்கும் பழகியவை. அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம். மேலே உள்ள கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் உள்ளூர்க்காரர், தமிழில் உட்கார்ந்து விளக்குவாரானால், தொலைபேசியில் அகப்படாத கொழும்புப் பெரியவரைவிட மேல். உள்ளூரில் கிடைக்காவிட்டால் 1959இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினர்களிடையே தேடுங்கள். வெளிநாட்டுக்கு வேலை செய்யும் உங்களுக்குக் கணக்காளர் மட்டும் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதெல்லாம் வீண் செலவு, திரட்டை நாமே இணையத்தில் நிரப்பலாம் என்பாரும் உண்டு. ஒரே வாடிக்கையாளர், ஒரே வங்கி என்றால் முடியும்தான். ஆனாலும் முதல் ஆண்டை ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். எந்தத் தொகை எந்தக் கட்டத்துக்குரியது என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் அடுத்த ஆண்டு தனியே செய்யலாம். இறைவரித் திணைக்களக் கடவுச்சொல்லை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். அரைநாள் கூலியாக அரைப்பேர் விழுந்த அன்று மாலையே கணக்கப்பிள்ளையிடம் ஏன் என்று கேட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது.

அமெரிக்க வாடிக்கையாளர் கேட்கும் டபிள்யூ-8 படிவத்தையும் இரட்டை வரி உடன்படிக்கைகளையும் இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். துண்டு இடத்தை எடுத்துக்கொண்டது, அவை அடுத்த வாரம். அதற்குள் ஒரு கொப்பி வாங்கி, பணம் வந்த தேதி, டாலர் தொகை, அன்றைய மாற்று வீதம், ரூபாய், வங்கி பிடித்த கட்டணம் என்று 2025 ஏப்ரல் 1 முதல் வந்த பணத்துக்கு எழுதத் தொடங்குங்கள். 2025/26ஆம் ஆண்டுக்கான திரட்டை 2026 நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். வரிப்பணத்தின் மீதியைக் கட்டக் கடைசி நாள் அதற்கும் முந்தியது, செப்டெம்பர் 30.