கூடைப்பந்தும் கல்லூரிக் குழுவும்

மக்கள் ஆடும் ஆட்டங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த நாள் தெரியாது. சடுகுடுவை முதன்முதல் ஆடியவர் யார்? கிட்டிப்புள்ளைக் கண்டுபிடித்தவர் யார்? விடை கூறுவார் ஒருவரும் இலர். கூடைப்பந்து அவ்வாறு அன்று. அதற்குப் பிறந்த நாள் உண்டு. பிறந்த ஊர் உண்டு. அதனைப் படைத்த ஆசிரியரும் உண்டு. அது பிறந்ததும் ஒரு கல்வி நிலையத்தில், வளர்ந்ததும் கல்லூரிகளில். இன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூரிலும் படூரிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் இவ்வாட்டத்தில் நாடறிந்த குழுக்களைப் பெற்றுள்ளன. கல்லூரிக் குழு ஒன்று ஓராண்டு முழுவதும் இவ்வாட்டத்திற்காக உழைக்கின்றது. அவ்வுழைப்பின் முடிவில் அது பெறுவது யாது? கோப்பை ஒன்றுதானா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஆட்டத்தின் பிறப்பு

1891 ஆம் ஆண்டின் குளிர்காலம். அமெரிக்க நாட்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. வெளியே பனி, மாணவர் திறந்தவெளியில் ஆட இயலவில்லை. கூடத்தினுள் நாள்தோறும் செய்த உடற்பயிற்சிகளோ அவர்களுக்குச் சலிப்பூட்டின. பதினெட்டு மாணவர் கொண்ட அவ்வகுப்பை அடக்கி ஆள மாட்டாமல் ஆசிரியர் இருவர் கைவிட்டனர். அதன்பின் அப்பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் கனடா நாட்டவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கூடத்தினுள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைப் பதினான்கு நாட்களுக்குள் அமைத்துத் தருமாறு உடற்பயிற்சித் துறைத் தலைவர் லூதர் குலிக் அவரைப் பணித்தார்.

நெய்ஸ்மித் முதலில் வெளி ஆட்டங்களையே கூடத்தினுள் ஆடுவித்துப் பார்த்தார். மாணவர் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக் காயமுற்றனர். அவர் சிந்திக்கலானார். ஆட்டத்தில் முரட்டுத்தனம் எதனால் விளைகின்றது? ஒருவன் பந்தைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றான். அவனைத் தடுக்க மற்றவர் அவன்மேல் பாய்கின்றனர். அவ்வாறாயின், பந்தோடு ஓடுவதையே விலக்கிவிட்டால் பாய்வதற்கு இடம் ஏது? இஃது அவர் கண்ட முதல் உண்மை.

இலக்கு தரையில் இருப்பின், பந்தை வலிமைகொண்டு வீசி எறிவர். அது தலைக்கு மேலே இருப்பின், பந்தை வளைவாக உயர்த்தியே எறிதல் வேண்டும். ஆங்கு வலிமையினும் நிதானமே பயன்படும். கனடாவில் சிறுவனாய் இருந்தபோது, பாறைமீது வைத்த கல்லை வேறொரு கல்லால் எறிந்து வீழ்த்தும் ஆட்டத்தை அவர் ஆடியிருந்தார். நேராக வீசிய கல்லினும் வளைவாக எறிந்த கல்லே அதில் நன்கு பயன்பட்டது. அந்நினைவே இப்போது அவருக்கு வழிகாட்டியது. இஃது இரண்டாம் உண்மை.

பெட்டிகள் இரண்டு வேண்டுமெனப் பள்ளியின் காவற்பணியாளரிடம் அவர் கேட்டார். பெட்டி இல்லை; பீச் பழக் கூடைகள் இருந்தன. அவற்றைக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அறைந்தனர். அஃது இருந்த உயரம் பத்து அடி. தற்செயலாய் அமைந்த அவ்வுயரமே இன்றும் உலகெங்கும் மாறாது நிற்கின்றது. பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, அவ்வாண்டு டிசம்பர் 21 ஆம் நாள், பக்கத்திற்கு ஒன்பதின்மராக மாணவரைப் பிரித்து ஆடவிட்டார். ஆட்டம் முடியும்வரை பந்து ஒரே ஒரு முறைதான் கூடையில் விழுந்தது. ஆயினும், அடங்காத அவ்வகுப்பு அன்று மகிழ்ச்சியோடு ஆடியது.

விதிகளின் உட்பொருள்

பின்னர் ஆட்டம் படிப்படியாகத் திருந்தியது. பந்து விழும்போதெல்லாம் ஏணி வைத்து எடுத்த கூடைக்கு மாறாக, இரும்பு வளையமும் அடி திறந்த வலையும் வந்தன. மாடத்தில் நின்ற பார்வையாளர் பந்தைத் தட்டிவிடாதபடி பின்பலகை அமைந்தது. பக்கத்திற்கு ஐவர் ஆடுவது வழக்கமாயிற்று. இன்றைய உலக விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பந்தைப் பெற்ற குழு 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிதல் வேண்டும். ஐந்து முறை தவறு இழைத்தவன் களத்தை விட்டு நீங்குதல் வேண்டும்.

விதிகள் எத்துணைப் பெருகினும், பந்தைக் கையில் ஏந்தி ஓடலாகாது என்னும் மூலவிதி மட்டும் மாறவில்லை. பந்தைப் பெற்றவன் அதனைத் தரையில் தட்டிச் செல்லலாம். கூடையை நோக்கி எறியலாம். அல்லது தோழனுக்கு வழங்கலாம். ஒரு முறை தட்டுவதை நிறுத்திவிட்டால், பின் அவனுக்கு எஞ்சியவை இரண்டே: எறிதல், வழங்கல். எதிரி முன்னே நிற்கும்போது வழங்குவதே பெரும்பாலும் அறிவுடைமை. தனக்குக் கிடைத்ததைத் தக்க நேரத்தில் தக்கவனுக்குக் கொடுக்கக் கற்பிப்பதே இவ்வாட்டத்தின் உயிர்.

தமிழகத்திற்கு வந்த வழி

நெய்ஸ்மித் பணியாற்றிய ஸ்பிரிங்பீல்டில் பின்னாளில் பயின்றவர் ஹாரி குரோ பக் என்பவர். அவர் 1920 ஆம் ஆண்டு சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்தார். இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. அதனை அடுத்துள்ள சைதாப்பேட்டை அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். அங்குப் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் ஊர்தோறும் பள்ளிகளில் அமர்ந்து புதிய ஆட்டங்களைக் கற்பித்தனர். ஆட்டம் ஒன்று பரவுவது பந்தினால் மட்டும் அன்று. கற்பிப்பாரால் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1934 ஆம் ஆண்டு ஆடவர்க்கான முதல் தேசியப் போட்டி புதுதில்லியில் நடைபெற்றது. 1950 ஆம் ஆண்டு இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் நிறுவப்பெற்றது. இவ்வாட்டம் ஆடவர்க்கே உரியதும் அன்று. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் குழுவின் தலைவியாய் விளங்கி, 2021 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானார்.

குழுவின் ஓராண்டு

கல்லூரி திறந்ததும் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கும். ஆட விழைந்து வருவோர் பலர். இடம் பெறுவோர் பன்னிருவர். அவருள்ளும் ஒரே வேளையில் களத்தில் நிற்போர் ஐவரே. வைகறையில் ஓட்டமும் உடற்பயிற்சியும், பகலில் பாடம், மாலையில் ஆட்டப் பயிற்சி. ஒரே எறிதலை நூறு முறை எறிவர். ஒரே நகர்வை ஐம்பது முறை செய்வர். எதிரி இழைத்த தவறுக்காகக் கிடைக்கும் தனி எறிதலைக் காண்போர் எளிதென்று எண்ணுவர். தடுப்பார் இல்லை; தொலைவும் ஐந்து மீட்டருக்குக் குறைவே. ஆயினும், ஆட்டத்தின் இறுதி நொடியில், ஓடிக் களைத்த கால்களோடும் படபடக்கும் நெஞ்சோடும் அதனை எறிந்து வெல்லுதல் அரிது. அந்த ஒரு நொடிக்காகவே ஆண்டு முழுவதும் பயிற்சி செய்கின்றனர்.

இயற்கையும் அவர்களைச் சோதிக்கும். புதுப்பட்டினம், மாமல்லபுரம் முதலிய கடற்கரை ஊர்களில் திறந்தவெளியில் ஆடுவோர், மாலையில் வீசும் கடற்காற்றையும் கருத்திற்கொண்டே பந்தை எறிதல் வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சிமெண்டுக் களம் வழுக்கும். கூரையுள்ள கூடம் இல்லாத குழுவின் பயிற்சி தடைப்படும்.

ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் முதலில் தம்முள் மோதும். அவற்றில் சிறந்து விளங்குவோரைத் திரட்டிப் பல்கலைக்கழகக் குழு அமைப்பர். பின்னர் மண்டலப் போட்டி. அதில் முன்னிற்கும் குழுக்களுக்கு அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. நேற்றுவரை எதிர்த்து ஆடிய இருவர், பல்கலைக்கழகக் குழுவில் இன்று ஒருவருக்கொருவர் பந்து வழங்குதல் வேண்டும். பகைமையை ஆடுகளத்திலேயே விட்டுவரக் கற்றவர்க்கே அஃது இயலும்.

களத்தில் நிற்கும் ஐவரைப் பார்வையாளர் அறிவர். இருக்கையில் அமர்ந்திருக்கும் எழுவரை யார் அறிவார்? நாள்தோறும் பயிற்சியில் எதிர்நின்று ஆடி அவ்வைவரை வலியராக்கியவர் இவ்வெழுவரே. ஐந்தாம் தவறு இழைத்து ஒருவன் வெளியேறும்போது, ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்திருந்தவன் அந்நொடியே எழுந்து அவனுக்கு ஈடாக ஆடுதல் வேண்டும். காத்திருத்தலும் ஒரு திறமை என்பதை அவன் நமக்கு உணர்த்துகின்றான்.

தோல்வியும் கல்வியும்

இனி ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். தோற்றவர் வெளியேறும் முறையில் 64 குழுக்கள் மோதினால், நடைபெறும் ஆட்டங்கள் 63. ஒவ்வோர் ஆட்டமும் ஒரு குழுவை ஊருக்கு அனுப்பிவிடும். ஆகவே, 63 குழுக்கள் தம் இறுதி ஆட்டத்தில் தோற்றே திரும்பும்; வெற்றியோடு திரும்புவது ஒன்றே. கோப்பை ஒன்றே பயனென்று கொண்டால், 63 குழுக்களின் ஓராண்டு உழைப்பு வீண் என்றாகிவிடும். அஃது உண்மையாகுமா?

ஆட்டத்தைப் படைத்த நெய்ஸ்மித்தின் வாழ்க்கையே இதற்கு விடை கூறுகின்றது. அவர் 1898 ஆம் ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்குக் கூடைப்பந்துக் குழுவைத் தோற்றுவித்துப் பயிற்றினார். 1907 ஆம் ஆண்டு வரை அவர் காலத்தில் அக்குழு வென்றவை 55 ஆட்டங்கள், தோற்றவை 60. ஆட்டத்தை ஆக்கியவரே வெற்றியினும் தோல்வியை மிகுதியாகக் கண்டார்! அப்பல்கலைக்கழகக் குழுவைப் பயிற்றியவருள் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆயினும், அவரிடம் ஆடிய மாணவர் பாக் ஆலன் பிற்காலத்தில் அதே குழுவைப் பயிற்றிப் பல நூறு வெற்றிகளை ஈட்டினார்.

1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. முதியவரான நெய்ஸ்மித் அங்கிருந்து அதனைக் கண்டு களித்தார். இறுதி ஆட்டம் திறந்தவெளியில், கொட்டும் மழையில் நடைபெற்றது. சேற்றில் பந்தைத் தட்டிச் செல்ல இயலவில்லை; அமெரிக்கா 19, கனடா 8 என்று ஆட்டம் முடிந்தது. நம் நாட்டு ஆடவர் குழு 1980 ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியது. ஆடிய ஆட்டங்கள் யாவற்றிலும் தோற்றது. எனினும், அதில் ஆடியவர்களை இந்தியக் கூடைப்பந்து வரலாறு மறக்கவில்லை.

மாணவர்களே! கல்லூரி வாழ்வு மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் அப்பன்னிருவருள் பெரும்பாலோர் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்வதில்லை. ஆசிரியராய், அலுவலராய், வணிகராய், பொறியாளராய்ப் பல திசைகளிலும் பிரிவர். ஆனால், காலத்தோடு எழுதல், களைத்தபோதும் கடமை தவறாமை, நடுவரின் தீர்ப்புக்குப் பணிதல், தனக்குக் கிடைத்ததைத் தோழனுக்கு வழங்குதல் ஆகிய பண்புகள் அவர்களோடு செல்லும். வென்ற குழுவுக்கும் தோற்ற குழுவுக்கும் பொதுவாகக் கிடைக்கும் பரிசு இதுவே. கோப்பை ஒரு கல்லூரியின் அலமாரியில் தங்கிவிடும். இப்பரிசோ ஆடிய ஒவ்வொருவனோடும் அவன் வாழ்நாள் முழுவதும் உடன்வரும்.