எண்ணெயும் அரசியலும்

எள்ளின் நெய்யே எண்ணெய். நம் முன்னோர் எள்ளை ஆட்டிப் பெற்ற நெய்க்கு இட்ட அப்பெயர், நாளடைவில் தேங்காய், வேம்பு, ஆமணக்கு முதலியவற்றின் நெய்க்கும் பொதுவாயிற்று. பின்னர் நிலத்தின் கீழிருந்து கிடைத்த பொருளுக்கும் அப்பெயரையே நீட்டி, மண்ணெண்ணெய் என வழங்கினர். மேனாட்டார் சொல்லின் வரலாறும் இதனோடு ஒத்திருப்பது வியப்பே. பெற்றோலியம் என்னுஞ் சொல்லின் முற்பகுதி பாறையைக் குறிக்கும். பிற்பகுதி இலத்தீன் மொழியில் முதற்கண் ஒலிவ எண்ணெயையே குறித்தது. நாம் எள்ளினின்று தொடங்கினோம்; அவர் ஒலிவத்தினின்று தொடங்கினர். தமிழாசிரியர் இவ்வளவில் நின்றுவிடலாம். ஆயின் சொல்லுக்குப் பொருள் காண்பது போல, பொருளுக்கு விலை காண்பதும் இக்காலத்தில் யாவரும் அறிய வேண்டியதொன்றாகிவிட்டது.

குடாநாட்டில் வாழ்ந்தோர்க்கு இதனை நீள எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரம் அற்றுப்போய், எரிபொருளுக்குத் தடையும் நிலவிய காலத்தில், ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சிட்டு, அது நனையுமளவிற்கே மண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியிட்டு எரித்த விளக்கின் முன்னே ஒரு தலைமுறை மாணவர் படித்துத் தேறினர். அவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம். சில துளி பெற்றோலினால் உயிர்ப்பித்து, மண்ணெயினால் ஓட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்களின் புகை நாற்றம் இன்றும் நினைவை விட்டகலவில்லை. ஒரு போத்தல் மண்ணெய்க்கு விலை எவ்வாறு ஏறுகிறது, அதனை ஏற்றுவோர் யாவர் என்னும் வினா அன்று எம் மனத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடின், யாழ்ப்பாணத்தை விட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் எண்ணெய் விலை கணிக்கப்பட்ட முறை விந்தையானது. எண்ணெய் எந்நாட்டுக் கிணற்றினின்று வரினும், அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாத் துறைமுகத்து விலையோடு, அங்கிருந்து வாங்குவோனது துறைமுகம் வரையுள்ள கப்பற் கூலியையுங் கூட்டியே விலை கூறுவர். பாரசீகத்து அபதான் துறையில் ஏற்றிய எண்ணெய் அயலிலுள்ள துறையொன்றில் இறங்கினும், அது அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்ததாகவே பாவனை செய்யப்படும். ஓடாத கப்பலுக்குக் கூலி வாங்கிய வணிகம் இது! போர்க்காலத்தில் தன் கடற்படைக்கு எண்ணெய் வாங்கிய பிரித்தானிய அரசே இதனை எதிர்த்து முறையிட்ட பின்னர்தான் அம்முறை தளர்ந்தது.

கிணறுடைய நாடுகளுக்கும் குறை உண்டு. 1950 இல் சவூதி அரேபியா, இலாபத்திற் பாதி என்னும் உடன்பாட்டைப் பெற்றது. பாரசீகத்தார்க்கு அவ்வளவுதானும் உரிய காலத்திற் கிட்டவில்லை. 1951 இல் பிரதமர் மொசாடெக் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கினார். பிரித்தானியா அந்நாட்டு எண்ணெயை எவரும் வாங்காதபடி தடுத்தது. 1953 ஓகஸ்டில், பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகளின் துணையோடு அவர் வீழ்த்தப்பட்டார். ஏழாண்டுகள் கழித்து, 1960 ஓகஸ்டில், அமெரிக்கக் கம்பனியொன்று எவரையுங் கலந்து பேசாது அறிவிப்பு விலையைக் குறைத்தது. கிணறுடைய அரசுகளின் வரி வருமானம் அந்த அறிவிப்பு விலையைக் கொண்டே கணிக்கப்பட்டதாதலின், அந்நாடுகளின் திறைசேரி ஓரிரவில் மெலிந்தது. அடுத்த மாதமே ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்தும் பக்தாதிற் கூடி ஒபெக் என்னும் அமைப்பை நிறுவின.

இலங்கையின் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. அன்று இந்நாட்டில் எண்ணெய் விற்றவை ஷெல், எசோ, கல்ரெக்ஸ் என்னும் மூன்று அந்நியக் கம்பனிகளே. சோவியத் ஒன்றியம் குறைந்த விலைக்கு எண்ணெய் தர முன்வந்திருக்க, இக்கம்பனிகள் தம் விலையிலேயே நின்றன. 1961 இன் 28 ஆம் இலக்கச் சட்டத்தினாற் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன. 1962 இல் கம்பனிகளின் நிரப்பு நிலையங்களுஞ் சேமிப்பு வசதிகளும் ஒரு பகுதி கையேற்கப்பட்டன. 1964 இன் தொடக்கத்தில் உள்நாட்டு விற்பனை முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று.

நட்டஈடு தரமாட்டோம் என்று இலங்கை ஒருபோதும் கூறவில்லை. எவ்வளவு, எப்போது, எம்முறையிற் கணிப்பது என்பனவே தகராறு. ஆயின் 1962 இல் ஐக்கிய அமெரிக்கா, அயோவா மாநிலச் செனற்றர் ஹிக்கன்லூப்பரின் பெயரால் வழங்கும் திருத்தமொன்றை நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கர் உடைமையைக் கைக்கொண்ட நாடு ஆறு மாதத்துள் நட்டஈட்டுக்குத் தக்க நடவடிக்கை எடாதொழியின், அந்நாட்டுக்குரிய பொருளுதவி நிறுத்தப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். 1963 பெப்ரவரியில் அச்சட்டம் முதன்முறையாகப் பிரயோகிக்கப்பட்டது இச்சிறு தீவின் மேலேதான். 1965 இல் டட்லி சேனநாயக்கா அரசு பதவியேற்ற பின்னரே நட்டஈட்டு உடன்பாடு எட்டப்பட்டது.

இச்செய்கை சரியா, தவறா என்று இன்றும் வாதிடுவோர் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர் என்பது எமது எண்ணம். கிணறுடையவன் விலை கூட வேண்டுமென்று கம்பனியோடு வழக்காடினான். விளக்கேற்றுபவன் விலை குறைய வேண்டுமென்று அதே கம்பனியோடு வழக்காடினான். இருவரும் ஒருவனையே எதிர்த்தமையால் தம்மை ஒரே அணியினர் என்று கருதிக்கொண்டனர். 1973 இல் அக்கனவு கலைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர்ப் போரையடுத்து, பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டொலராயிருந்த விலை, 1974 தொடக்கத்தில் 11 டொலரைக் கடந்தது. கிணறுடையவன் வென்றான். துலாவை விட்டு மண்ணெய் இயந்திரத்தினால் நீரிறைத்து மிளகாயும் வெங்காயமும் விளைவித்த எம் கமக்காரன், அவ்வெற்றியின் விலையிலொரு பங்கைத் தன் தோட்டத்திலிருந்தே செலுத்தினான்.

சுத்திகரிப்பு நிலையத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1969 இல் சப்புகஸ்கந்தையில் எம் நாட்டின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மசகு எண்ணெய் யாவும் ஒரு தன்மையன அல்ல. சிலவற்றிற் கந்தகம் மிகும், சில அடர்ந்தன, சில நெகிழ்ந்தன. நிலையமொன்று ஏதேனுமொரு வகையை மனத்திற் கொண்டே அமைக்கப்படும். சப்புகஸ்கந்தை ஈரானிய மசகு எண்ணெய்க்குப் பொருந்த அமைந்தது. 2012 இல் அமெரிக்கா ஈரானின் மேல் தடையை இறுக்கியபோது, எம் நிலையம் தனக்கேற்ற உணவின்றித் தடுமாறியது. கம்பனியின் கட்டினின்று விடுபட்டோம். குழாயின் கட்டினின்று விடுபட்டிலோம். 2021 நவம்பரிலோ டொலர் இன்மையால் அந்நிலையம் மூடப்படவே நேர்ந்தது. ஈரானுக்குரிய எண்ணெய்க் கடனைத் தேயிலை கொடுத்துத் தீர்ப்பதென அதற்கடுத்த மாதம் உடன்பட்டதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். பண்டமாற்று என்று நாம் வகுப்பிற் பாடமாகச் சொல்வது இதுவே.

2022 இன் வரிசைகளை மாணவரும் அறிவர். எம் கவனத்தை ஈர்த்தது அவ்வரிசைகளன்று; அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய்க்கு நேர்ந்தது. லீற்றர் 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகிற் கடலுக்குச் செல்வோன், விடியுமுன் எரிபொருளுக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ நான்மடங்காயிற்று. மீன் அகப்படுமோ என்பது அவன் அறியான். எரிபொருட் செலவோ உறுதி.

அரசின் வாதமும் வெறுமையானதன்று. உண்மை விலைக்குக் கீழே நெடுங்காலம் விற்றமையாற் கூட்டுத்தாபனம் இரு அரச வங்கிகளிடம் டொலரிற் கடன்பட்டிருந்தது. ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது அக்கடன் தானே பெருகியது. மலிவான மண்ணெண்ணெய் ஏழையின் விளக்குக்கு மட்டும் போகவில்லை; டீசலோடு கலக்கவும் அது போயிற்று. ஆகவே விலை உயர வேண்டியதே என்பதை நாம் மறுக்கோம். ஆனால் வருடக்கணக்காக அடக்கி வைத்த விலையை ஒருநாளில் அவிழ்த்துவிடுவது கொள்கையாகாது, கைகழுவலாகும். பதிவு செய்யப்பட்ட படகுகள் எத்தனை என்பதும், அவற்றின் சொந்தக்காரர் யாவர் என்பதும் அதிகாரிகளின் ஏட்டில் உண்டு. உதவித்தொகையை நேரே அவர்க்கு முன்னதாக அளித்து, பின்னர் விலையைப் படிப்படியாக உயர்த்துவது அத்துணை அரிதாயிருந்திராது.

இப்போது எரிபொருள் விலை சிங்கப்பூர்ச் சந்தை விலையை அடியாகக் கொண்ட சூத்திரத்தினாற் கணிக்கப்படுகிறது. எண்ணெய் எங்கிருந்து வரினும் விலைக்கு ஆதாரம் வேறொரு துறைமுகம்! மெக்சிக்கோ வளைகுடாவின் பழங்கதையை அறிந்தோர் இவ்விடத்திற் சிறிது நகைக்கலாம். எனினும் பழைய விலையை ஒரு சில கம்பனிகள் தம்முட் பேசி வைத்தன. இச்சூத்திரமோ எவரும் கணக்கிட்டுப் பார்க்கக் கூடியது. எம் உயர்தர மாணவர் அதனைக் கணித வகுப்பிற் செய்து பார்க்கலாம் என்பது கணித ஆசிரியர்க்கு எமது விண்ணப்பம்.

மன்னார்க் கடலடியில் 2011 இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது; கண்டறிந்த கம்பனி 2015 இல் விலகிச் சென்றது. 2023 இல் சீனாவின் சினோபெக் நிரப்பு நிலையங்களை நடத்தத் தொடங்கியது. 2025 இல் அமெரிக்கக் கம்பனியொன்றின் வாயிலாக ஷெல்லின் மஞ்சட் சிப்பி இலங்கைத் தெருவோரத்தில் மீண்டும் தோன்றியது. அச்சிப்பிப் பலகை அறுபதாண்டுகளுக்கு முன் கழற்றி இறக்கப்பட்டதைக் கண்ணாற் கண்ட பழைய மாணவர் சிலர் இன்றும் எம்மிடையே உளர். அன்று அவர்கள் எப்பக்கம் நின்று வாதிட்டனர், இன்று அதனைக் காணுங்கால் என்ன எண்ணுகின்றனர் என்பவற்றை அவர்கள் எமக்கு எழுதியனுப்பின், வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.